இரண்டாவது டேப் ரெக்கார்டர்

இன்னொரு பழைய டேப் ரெக்கார்டர் வாங்கலாமா என்ற கேள்வி, இருக்கிற கருவி தகராறு செய்யத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் எழுகிறது. செலாயாங் தாமான் வீடு ஒன்றில் அப்படி ஒரு கருவி இருந்தால், கூடவே ஒரு பெட்டி நிறைய நாடாக்களும் இருக்கும். வானொலியிலிருந்து பிடித்த பாட்டும் நாடகமும், கல்யாணத்தில் ஒலித்த நாதஸ்வரம், இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒருவரின் மழலை, காலமாகிவிட்ட தாத்தாவின் குரல். சினிமாப் பாட்டை எங்கும் மறுபடி கேட்கலாம். மற்றவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே கடையில் பளபளக்கும் கருவியைப் பார்ப்பதற்கு முன், இந்தப் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பது நல்லது.

பெட்டியில் கேசட் மட்டும் இருந்தால் கணக்கு எளிது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது நாடாவின் அகலத்தை 3.81 மில்லிமீட்டர் என்றும், ஓடும் வேகத்தை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்றும் வகுத்தது. எந்த கேசட்டும் எந்தக் கருவியிலும் ஓடும். ஸ்பூல் நாடா அப்படியில்லை. அகலம் 6.35 மில்லிமீட்டர்தான் என்றாலும், வேகம் 9.5, 19, 38 சென்டிமீட்டர் எனப் பலவகைப்படும். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் நாடாவை நான்கு தடங்களாகப் பிரித்துப் பதிந்தன. ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவிகள் இரண்டாகப் பிரித்தன. இரு பக்கமும் பதிந்த நான்கு தட நாடாவை இரண்டு தடக் கருவியில் ஓட்டினால், மறுபக்கத்துப் பேச்சும் பின்னோக்கிக் கலந்து கேட்கும். பெட்டியில் இப்படி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாடாக்கள் இருந்தால், வேறு வகைக் கருவி ஒன்று தேவைப்படுவது ஆசையால் அல்ல.

இருக்கும் மாடலையே இன்னொன்று வாங்குவதற்கு வேறு நியாயம் உண்டு. பெல்ட், கெப்பாசிட்டர் போன்றவற்றைப் புடு வட்டாரத்து ஜாலான் பாசாரில் தேடிப் பிடிக்கலாம். தேய்ந்த ஹெட், எரிந்த மோட்டார், பல் உடைந்த பிளாஸ்டிக் சக்கரம் ஆகியவை புதிதாக வருவதில்லை. அதே மாடலின் இன்னொரு உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த வகையில் ஓடாத கருவிகூடப் பயன்படும். ஆனால் அதை உதிரிபாகத்துக்கென்று ஒத்துக்கொண்டு அந்த விலைக்கு வாங்க வேண்டும். 'ஒருநாள் சரிசெய்துகொள்ளலாம்' என்று வாங்கியது ஸ்டோர் அறையில் கிடக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

புதியது வந்ததும் பழையதைத் தள்ளிவிடுவது அவசரபுத்தி. கருவியின் ஹெட் நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்த ஹெட்டில் பதிந்த நாடா, அதே சாய்வுள்ள ஹெட்டில்தான் தெளிவாக ஒலிக்கும். ஒழுங்காக அமைந்த வேறு கருவியில் போட்டால், போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கீச்சொலிகள் மங்கிவிடும். நாடா கெட்டுப்போனது என்று அப்போது பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகை, காதால் கேட்டபடி மெல்லத் திருப்பினால் குரல் தெளிந்துவிடும். முப்பது ஆண்டுகளாக வீட்டில் பதிவு செய்த கருவி எவ்வளவு கோணலாக இருந்தாலும், அந்தப் பதிவுகளுக்கு அதுவே பொருத்தமானது. விலை உயர்ந்த இரண்டாவது கருவிக்கு இந்த விஷயத்தில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

அடுத்தது காற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. நாடாக்களுக்கு ஏற்றது அதில் ஏறக்குறைய பாதி. ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சை பிடிக்கும். 1970களிலும் 80களிலும் வந்த சில ஸ்பூல் வகைகளில், காந்தப் பொடியைப் பிடித்து நிறுத்தும் பசை ஈரத்தை உறிஞ்சி இளகி, ஓடும்போது ஹெட்டில் அப்பிக்கொள்ளும். கருவியையும் ஈரம் விடுவதில்லை. கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் நாடாக்களை அடுக்கலாம். 17 கிலோ எடையுள்ள ரெவாக்ஸ் பி77 போன்ற ஸ்பூல் கருவியை அதில் எங்கே வைப்பது? ஓடாமல் நிற்கும் கருவியில் ரப்பர் இறுகும், எண்ணெய் கெட்டியாகும். இரண்டு கருவி என்றால் இரண்டையும் அவ்வப்போது ஓட்டித் துடைக்க வேண்டும். முதல் கருவிக்கே ஞாயிற்றுக்கிழமை ஒதுக்காதவர், இரண்டாவதற்கும் சேர்த்து எங்கிருந்து நேரம் எடுப்பார்?

நேரம் இன்னொரு வகையிலும் நெருக்குகிறது. அறுபது நிமிட கேசட்டைக் கணினிக்கு மாற்ற அறுபது நிமிடம் ஆகும். நூறு கேசட் என்றால், வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓராண்டு ஓடிவிடும். இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் அது பாதியாகும். இரண்டாவதை வாங்கச் சொல்லப்படும் காரணங்களில் இதுவே வலுவானது. 2019இல் யுனெஸ்கோவும், ஒலி ஒளிப்பதிவுக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமான ஐயாசாவும் நாடாக்கள் குறித்து ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. 2025 வாக்கில் நாடாக்களை முறையாக ஓட்டும் வசதி பெரும்பாலும் அற்றுப்போகும் என்று காப்பகத் துறையினர் கருதியதே காரணம். பெரிய காப்பகங்களுக்கே இந்த நிலை. எல்லாவற்றையும் மாற்றி முடித்தபின் இரண்டாவது கருவிக்கு வேலை இல்லை. அதற்குப் பிறகும் வாங்கினால் அது ஆசைக்கு வாங்குவது. ஆசைக்கு வாங்குவதில் தப்பு ஒன்றுமில்லை, தேவை என்று வீட்டாரிடம் வாதாடாமல் இருந்தால் போதும்.

வாங்குவதென்றே முடிவானால், பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழைய பொருள் சந்தை, இசைத்தட்டுக்கும் பழைய ஒலிக்கருவிகளுக்கும் பேர்போனது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கருவி என்றால் இரட்டைக் கவனம் தேவை. அது 100 வோல்ட்டில் ஓடுவது. மலேசிய மின்சாரத்தில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். மின்மாற்றி வைத்தாலும் அதிர்வெண் மாறாது. ஜப்பானின் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ், மலேசியாவில் 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மோட்டார் கொண்ட கருவியில் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டையில் பாடிய பாடகி மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். கப்பியை மாற்றியோ, கருவியில் அதற்கான அமைப்பு இருந்தால் அதைத் திருப்பியோ இதைச் சரிக்கட்டலாம். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் பதிந்த, போனாலும் பரவாயில்லை என்ற நாடாவைக் கையோடு கொண்டுபோய், தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஓட்டிக் கேட்க வேண்டும். முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓட்டிக் காட்ட வியாபாரி மறுத்தால், அந்தக் கருவிக்கு உதிரிபாக விலைக்கு மேல் கொடுப்பதற்கில்லை.