கூட்டம் வந்துச்சா?

பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போகும் வழியில் பூ விற்கும் அம்மா ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. பக்கத்தில் நின்ற ஆட்டோவில் 'தூள்' படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மாவின் குரல். சரத்தை விரல்நுனியில் பிடித்து முழங்கை வரை இழுத்தவர், அளவை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, அந்தம்மா சாவுக்குக் கூட்டம் வந்துச்சா?"

எப்போது இறந்தார், என்ன நோய், எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பற்றி மட்டும்.

"எப்படிம்மா வரும்? ஊரடங்கு நேரமாச்சே."

"அட பாவமே" என்றவர், முழத்தை முடித்து நறுக்கிக் கொடுத்தார்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. 29-ஆம் தேதி மதுரையில் முனியம்மா கண்ணை மூடினார். இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது அப்போதைய மத்திய அரசின் உத்தரவு. மேடை மேடையாகப் பாடி, முதிய வயதில் 2003-இல் சினிமாவுக்கு வந்தவர். முடியாமல் போனபோது 2015-இல் 6 லட்சம் ரூபாய் அவருக்காக வைப்பு நிதியில் போடப்பட்டது. மாதம் 6,000 ரூபாய் வட்டி வரும். அப்படி வாழ்ந்தவரின் கடைசிப் பயணத்துக்கு 20 பேர் என்று வரம்பு.

என் அப்பத்தா, துஷ்டி வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கால் கழுவுமுன்னே கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "கூட்டம் எப்படி?" நிற்க இடமில்லை என்றால் அது நல்ல சாவு. எங்கள் ஊரில் நடவுப்பாட்டுக்குப் பேர்போன கிழவி ஒருத்தி இருந்தாள். அவள் வாயைத் திறந்தால் வரப்பில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். அவள் செத்தது நடவு நாளில். தண்ணீர் முறையை விட்டால் மறுபடி கிடைக்காது; ஊர் வயலில் கிடந்தது. அன்று திரும்பி வந்த தாத்தாவிடம் அப்பத்தா எதுவும் கேட்கவில்லை.

அமெரிக்கக் கிராமியப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைப் பற்றி எப்போதோ படித்ததும் இதோடு சேர்ந்து நினைவுக்கு வருகிறது. 1953 புத்தாண்டு நாள் கச்சேரிக்காகப் போகும் வழியில், காரின் பின்னிருக்கையில் உயிர் போயிருந்தது. வயது 29. எந்த ஊரைக் கடக்கும்போது போனது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று நாள் கழித்து மாண்ட்கோமரியில் நடந்த அடக்கத்துக்கு ஆயிரமாயிரமாய் ஜனம் திரண்டது. உயிர் போன நேரம் பக்கத்திலிருந்தவருக்கே தெரியவில்லை. அடக்கத்துக்கோ ஊர் கொள்ளவில்லை. இதை நல்ல சாவென்று அப்பத்தா சொல்லியிருப்பாளா?

இதே பெங்களூரில் கன்னடக் கவி சிசுநாள ஷரீபரின் பாடல்களை வீடுதோறும் கொண்டுசேர்த்த பாடகர் சி. அஸ்வத் 2009 டிசம்பர் 29-இல், தம் 70-ஆவது பிறந்தநாளில் இறந்தார். மறுநாளே நடிகர் விஷ்ணுவர்தன் மறைந்தார். நகரத்தின் துக்கமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

செத்தவருக்குக் கூட்டம் தெரியவா போகிறது என்று வாதாடலாம். ஆனால் அதை மனதில் வைத்துத்தானே உயிரோடிருக்கும்போது நடந்துகொள்கிறோம்? அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். நம் வீட்டுக்கு அவர்கள் வருகிறார்கள். ஊருக்குள் இந்தக் கணக்கு நேராகிவிடும். பாடுகிறவர் கணக்குதான் நேராவதில்லை. முகம் தெரியாத லட்சம் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். வாங்கியவர்களுக்கு எந்த வாசலில் போய் நிற்பது என்றே தெரியாது.

இறந்த பிறகும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வாசலில் போய் நின்றதற்கு ஈடாகுமா? ஆகும் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சாவுக்குப் போவதில் அலைச்சல் இருக்கிறது, ஒரு நாள் கூலி போகிறது, திரும்பி வந்து தலைமுழுக வேண்டியிருக்கிறது. கேட்பதில் எனக்கு எந்தச் செலவும் இல்லை. மேலும் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறேன். ஆகவே ஈடாகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.