இருக்கையின் கீழ் ஒரு நிஷேதம்

மனிதனை நற்செயலில் ஏவுவதற்கு ஆயிரம் உபதேசங்கள் வெளியிலிருந்து வந்துகொண்டிருக்க, அவனைத் தீச்செயலினின்றும் தடுப்பதற்கு மட்டும் அவனுக்குள்ளேயே ஒன்று அமைந்திருக்கிறது என்பதைப் பல சமயங்களும் ஏதோ ஒரு வகையில் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை மனச்சாட்சி என்கிறோம். அந்தராத்மாவின் குரல் என்கிறோம். அக்குரல் தவறாகவும் தடுக்கக்கூடுமா, கூடுமெனில் தவறான தடையையும் உண்மையான தடையையும் எவ்வாறு பிரித்தறிவது, தவறாகத் தடுக்கும் குரலை வாய்மூடச் செய்வது தர்மமாகுமா என்னும் கேள்விகளுக்கு, காரணமின்றி நின்றுபோகும் ஒரு சிறு டிராக்டரைப் பழுது பார்க்கும் முறையிலேயே ஒழுங்கான விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

நான் சொல்வது 20 அல்லது 30 குதிரைத்திறன் உடைய, ஜப்பானின் சிறிய நெல்வயல்களுக்கேற்பப் பிறந்து, 1969-இல் குபோட்டா நிறுவனத்தின் எல்200 வாயிலாக அமெரிக்காவின் சிறு பண்ணைகளுக்கும் சென்ற வகையைச் சேர்ந்த டிராக்டர். இன்று அவ்வகை வண்டிகளில் ஓட்டுநரின் இருக்கைக்குக் கீழே ஒரு சுவிட்ச் உண்டு. கிளட்ச் மிதிக்கு அருகிலும், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அறியும் இடத்திலும், பின்னால் பூட்டும் கருவிகளுக்கு எஞ்சினின் சுழற்சியைக் கொடுக்கும் தண்டான பி.டி.ஓ.வின் நெம்புகோலிலும் அதன் தோழர்கள் உண்டு. ஓட்டுநரின் எடை இருக்கையை அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் மின்சாரம் ஓடி, டீசல் செல்லும் வழியைத் திறந்து வைக்கிறது. வண்டி கியரில் இருக்கும்போதோ பி.டி.ஓ. சுழலும்போதோ அவர் எழுந்துவிட்டால், மின்சாரம் அறுந்து, டீசல் அடைபட்டு, எஞ்சின் நின்றுவிடுகிறது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டில் ஒரு துண்டின் முனை சிக்குமானால், அதை இழுத்துக்கொள்ளலாம் என்று மனிதன் நினைத்து முடிப்பதற்குள் துண்டோடு கையும் போய்விடும். மனித அறிவின் வேகம் போதாத இடத்தில், அவனுக்கு முன்பாகவே தீர்மானித்து வைக்கப்பட்ட ஒரு நிஷேதம் அந்தச் சுவிட்ச்.

இந்த ஏற்பாடே சில சமயம் தொல்லையாகிறது. ஓட்டுநர் இருக்கையில் திடமாக அமர்ந்திருக்கிறார்; வண்டியோ பாதி உழவில் நின்றுபோகிறது. அப்போது தேர்ந்த மெக்கானிக் கேட்கும் முதற்கேள்வி, "எப்படி நின்றது?" என்பதுதான். தள்ளாடி, இருமி, வேகம் குன்றி, பிறகு உயிர்விட்டதென்றால், டீசல் வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். அது தடையன்று, பலவீனம். சாவியைத் திருப்பி அணைத்தாற்போல் சட்டென்று நின்றதென்றால், மின்பாதையில் எங்கோ ஒன்று "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறது.

நம்முடைய நிறுத்தங்களிலும் இந்த வேற்றுமையை நாம் கவனிப்பதேயில்லை. குருக்ஷேத்திரத்தில் அருச்சுனன் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்டபோது, குலநாசம் பாவம் என்றும், ஆசாரியரைக் கொல்வது தகாது என்றும், தன்னைத் தடுப்பது தர்மமே என்பதற்கு நியாயங்களை அடுக்கினான். ஆனால் அவன் நின்ற விதம் எது? அங்கங்கள் தளர்ந்தன, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கிற்று, காண்டீவம் கையினின்றும் நழுவிற்று. இது தள்ளாடி நின்ற வண்டி. கண்ணன் இதை இருதயத்தின் பலவீனம் என்று முதலிலேயே பெயர் சூட்டிவிட்டான். எனினும் எழுந்திரு என்னும் ஆணையோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தோழன் சொன்ன நியாயங்கள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பரிசோதித்து, பதினெட்டு அத்தியாயங்களின் முடிவில், முழுவதும் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று தீர்மானத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். பலவீனமே ஆனாலும், தடை என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்த ஒன்றை விசாரியாமல் மிதித்துச் செல்லும்படி அவனை ஏவவில்லை.

சட்டென்று நின்ற வண்டியிலும் சுவிட்சே கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. இருக்கையை மடக்கி அடியில் பார்த்தால், கீலின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து ரப்பர் உறை தேய்ந்த வயரோ, எலி கடித்த வயரோ, அல்லது கனெக்டரைப் பிரித்ததும் செப்பு முனைகளின்மேல் படிந்திருக்கும் பச்சைக் களிம்போ கண்ணில் படும். செம்பிற் களிம்பு என்றவுடன் நம் நாட்டுச் சைவ சித்தாந்திகளை நினையாதிருக்க முடியுமா? செம்பு என்று உண்டாயிற்றோ அன்றே அதனோடு களிம்பும் உண்டு என்றும், உயிரோடு ஆணவ மலமும் அவ்வாறே அநாதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், அம்மலம் உயிரின் அறிவை அழிப்பதில்லை, மறைக்க மட்டுமே செய்கிறது என்றும் அவர்கள் சொன்னார்கள். கனெக்டரின் களிம்பும் அதையே செய்கிறது. ஓட்டுநர் இருக்கிறார், சுவிட்ச் அவர் எடையை உண்மையாகவே உணர்ந்திருக்கிறது, இடையில் படிந்த களிம்பு அந்த உண்மையை எஞ்சினிடம் போகவிடாமல் மறைக்க, அமர்ந்திருப்பவர் இல்லாதவராகிவிடுகிறார். தடுப்பது குற்றமன்று, தடுப்பதற்கு ஆதாரமாக வந்த செய்தி கெட்டுப்போயிருக்கிறது. நம் மனச்சாட்சி வீணாகக் குத்தும் வேளைகளில் அதைக் குருட்டு நம்பிக்கை என்று தூற்றுகிறவர்கள், அதன் காதுக்குச் செய்தி கொண்டுபோன வழியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சிறுவயதில் யாரோ ஏற்றிவைத்த பயமும், பிறர் என்ன சொல்வார்களோ என்னும் நாணமும், நம்மைப் பற்றி நாமே கொண்டிருக்கும் அகந்தையும் அவ்வழியில் படியும் களிம்புகள்.

அறுந்த வயரை ஆளில்லாத இருக்கையாக எண்ணும்படி யந்திரத்தை அமைத்தவர்கள் அறியாமல் அமைக்கவில்லை. 1872-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில்களுக்கு அமைத்த தானியங்கும் காற்று பிரேக்கிலும் இதே கொள்கைதான்: குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும், குழாய் உடைந்தாலோ பெட்டிகள் பிரிந்தாலோ அழுத்தம் போய்ப் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பிழை நேர்ந்தே தீருமென்றால் அது நிற்கும் பக்கத்தில் நேரட்டும் என்பது அவர்கள் செய்த தேர்வு. அது கணக்கு மட்டுமன்று, அறமும் ஆகும். தம்முள் ஒலித்த தெய்வக் குரல் தம்மை எதிலும் ஏவியதில்லை, தடுக்க மட்டுமே செய்தது என்று சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் கூறியதாகப் பிளேட்டோ எழுதியிருப்பதும் இவ்விடத்தில் சிந்திக்கத் தக்கது.

ஆயினும், ஐயம் வந்தால் நின்றுவிடு என்பதோடு விஷயம் முடிந்துவிடுமா? முடியாது, இதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். வீண் தடை விலையற்றதன்று. மழைக்கு முன் உழுது முடிக்க வேண்டியவர் வண்டி மறுபடியும் மறுபடியும் நின்றுபோவதைக் கண்டு பொறுமையிழந்து, நம் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்வதுபோல் சுவிட்சை "டைரக்ட்" செய்துவிடுகிறார்: இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால், இருக்கையில் எப்போதும் ஆள் இருப்பதாகவே யந்திரம் நம்பும். வண்டி அன்று முதல் ஒழுங்காக ஓடும். தண்டில் சுற்றிய கொடியை எடுக்க அவர் இறங்கும் நாளிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே வீண் தடையைத் திருத்தாமல் சகித்துக்கொண்டிருப்பதும் அபாயத்துக்கு இடங்கொடுப்பதே. மெய்யான தடையை ஒருநாள் அறவே நீக்கும்படி மனிதனைத் தூண்டுவது அதுதான்.

சமய வாழ்விலும் இதைக் காணலாம். 1522-இல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் தவமிருந்த லொயோலா இஞ்ஞாசியார், தம் பழைய பாவங்களையெல்லாம் முன்பே பாவசங்கீர்த்தனம் செய்திருந்தும், ஏதோ ஒன்று விடுபட்டுப்போயிற்று என்னும் உறுத்தலால் மீண்டும் மீண்டும் அவற்றையே சொல்லி ஆறுதல் காணாமல், ஒரு வாரம் உணவை ஒறுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையில் சென்றார். கடைசியில் அவருக்கு உண்டானது தாம் மேற்கொண்ட புண்ணிய வாழ்க்கையின்மீதே வெறுப்பு. அதை உதறிவிடலாம் என்னும் உந்துதல். அங்கேதான் அவர் விழித்துக்கொண்டார். அந்த உறுத்தல் எவ்வழியாக வந்தது என்பதை ஆராய்ந்து, கடந்தகாலப் பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று உறுதி செய்தார். பாவசங்கீர்த்தனத்தையே அவர் விட்டுவிடவில்லை. கெட்டுப்போன ஒரு வயரை மாற்றினாரேயன்றி, சுவிட்சை டைரக்ட் செய்யவில்லை.

பழுதைக் கண்டுபிடிக்கும்பொருட்டுச் சிறிது நேரம் இணைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளிடையே உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் சில சுவிட்சுகள் ஆள் அமர்ந்தால் மின்பாதையை மூடும், சில திறக்கும். ஆதலால் வயரிங் வரைபடத்தைப் பார்த்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பி.டி.ஓ.வை விலக்கிவிட்டே அதைச் செய்ய வேண்டும். பார்த்து முடித்ததும் அந்தத் துண்டு வயரைத் தம் கையாலேயே எடுத்துவிடவும் வேண்டும். பிறகு இருக்கையைக் கையால் அழுத்தியபடி, மின்பாதை அறாதிருக்கும் வரை ஒலிக்கும் மல்டிமீட்டரை வைத்து, வயர்க்கட்டை மெல்ல அசைத்து, எந்த இடத்தில் ஒலி அறுகிறது என்று கேட்டு, அந்த இடத்தைச் செப்பனிடுகிறார்கள். எஞ்சின் இப்போது நிற்காமல் ஓடும். அதைக் கண்டு வேலை முடிந்ததென்று எண்ணுபவர் டைரக்ட் செய்தவரிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட இயலாது. ஏனெனில் அவர் வண்டியும் நிற்காமல்தான் ஓடுகிறது. ஆகையால் பின்னால் எந்தக் கருவியையும் பூட்டாமல், அருகில் ஒருவரும் நில்லாதபடி செய்து, ஓட்டுநர் பி.டி.ஓ.வைச் சுழலவிட்டு இருக்கையிலிருந்து சற்றே உடலை உயர்த்துகிறார். ஒரு நொடி கழித்து எஞ்சின் நின்றால்தான் பழுது நீங்கிற்று என்று பொருள்.