உன் பங்குக் கரை எங்கே?

தம்பி, தங்கையே! டிவியில் புயல் செய்தி ஓடும்போது, "மதுரையில கடலா இருக்கு, நமக்கென்ன?" என்று அடுத்த சேனலுக்குத் தாவுகிறாயே, அந்த ரிமோட்டைக் கீழே வை. தல்லாகுளத்தில் குடியிருக்கும் உன்னிடம்தான் பேசுகிறேன். ராமேஸ்வரம் உனக்கு அந்நிய ஊரா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போய்த் தர்ப்பணம் முடித்து, அப்படியே தனுஷ்கோடி மணலில் நின்று செல்ஃபி எடுத்து வருகிற ஊர். இடிந்த தேவாலயத்துச் சுவரில் சாய்ந்து படம் பிடித்தாயே, அந்தச் சுவர் உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லையா?

1964 டிசம்பர் 22. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பாம்பனை விட்டுப் புறப்பட்டது 653-ஆம் எண் பயணிகள் ரயில். தனுஷ்கோடியை நெருங்கிய இடத்தில் கைகாட்டி இறங்கவில்லை. கொட்டும் மழை, கும்மிருட்டு. காத்திருந்து பார்த்த ஓட்டுநர் மெல்ல வண்டியை நகர்த்தினார். எழுந்து வந்த அலை வண்டியை அப்படியே வாரிக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் இருந்த அந்த ரயிலில் யாரும் மிஞ்சவில்லை. விடிந்தபோது ரயில் நிலையமும் தபால் நிலையமும் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் துறையும் இருந்த ஊர் அழிந்து கிடந்தது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 உயிர்களை அந்தப் புயல் குடித்தது. இனி மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த ஊர் அது.

அந்த ஓட்டுநரைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. அவர் கையில் என்ன இருந்தது? இறங்காத கைகாட்டியும் கண் தெரியாத இருட்டும்தான். உன் சட்டைப் பையில் இருக்கும் போனில் வானிலை மையத்தின் எச்சரிக்கை நாட்கணக்கில் முன்கூட்டி வந்து நிற்கிறது. படித்துப் பார்க்காமல் தள்ளிவிடுகிறாய். அதற்குத்தான் எனக்குக் கோபம்.

கடல் ஏன் ஊர்மேல் ஏறியது என்று தெரிந்துகொள். தனுஷ்கோடி இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிற மணல்திட்டு. வடக்கே, மீனவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் கடல். தெற்கே ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா. புயல் நெருங்க நெருங்கக் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளிக்கொண்டே வரும். ஆழமான கடலாக இருந்தால் தள்ளிய நீர் அடியில் இறங்கித் திரும்பிவிடும். பாக் கடலில் ஆழம் கிடையாது. திரும்ப வழியில்லாத நீர் மேலேதான் ஏறும். ஏறிய நீரின் முதுகில் அலை சவாரி செய்யும். காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் மோதும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய உன் மொட்டைமாடித் தகரக் கொட்டகை 100 கிலோமீட்டரில் என்ன ஆகும் என்று நீயே கணக்குப் போடு.

அந்த இரவில் பாம்பன் பாலமும் சிதைந்தது. 1914-இல் திறந்த பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. சீரமைக்கும் பொறுப்பு வந்தபோது பொறியாளர் ஈ.ஸ்ரீதரனுக்கு வயது 32. மேலதிகாரி கொடுத்த கெடு மூன்று மாதம். விழுந்த கர்டர்களைக் கடலில் தேடி, தூக்கி, மறுபடி பூட்டி, 46 நாளில் வேலையை முடித்துக்காட்டினார். மெய்சிலிர்க்கிறது அல்லவா? இதையும் மிஞ்சிய வீரம் ஒன்று உண்டு. அடி விழும் முன்பே எழுந்து நிற்கிற வீரம்!

ஒடிசாவைப் பார். 1999 அக்டோபர் 29-இல் வந்த பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம். அழுது முடித்துக் கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? கடற்கரையெங்கும் புயல் காப்பிடங்கள் கட்டினார்கள். ஊர் ஊராக இளைஞர்களைப் பழக்கினார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோரை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. சூறாவளியின் குணம் மாறிவிடவில்லை. மாறியவர்கள் மனிதர்கள்.

நம் மண்ணிலும் உண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் நிலநடுக்கச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். "ஓடுங்க, எல்லாரையும் ஓடச் சொல்லுங்க!" எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. அலையின் உயரத்தையும் காற்றின் போக்கையும் மீனவர்களுக்குச் சொல்ல ஒலிபெருக்கி இருந்தது. மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊரைக் கிளப்பினார்கள். 3,000 பேருக்கு மேல் பிழைத்தார்கள். ஒரு போன், ஒரு குரல்! ஆனால் அந்த ஒலிபெருக்கியை முன்பே கட்டி வைத்தது யாருடைய உழைப்பு என்று யோசி.

இப்போது நம் தெருவுக்கு வா. 2024 அக்டோபர் 25. மதுரையில் ஒரே பகலில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை. அதில் கிட்டத்தட்ட பாதி கால்மணி நேரத்தில் கொட்டியது. பந்தல்குடி வாய்க்கால் பொங்கியது. செல்லூர், பி.பி.குளம், கட்டபொம்மன் நகர் என்று வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த மாதமே, நவம்பர் 20-இல், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி நம் முன்னோர் செய்த ஏற்பாட்டின்மேல் நாம் வீட்டடி மனை போட்டோம். நீருக்குத் தன் பழைய வழி மறக்காது.

பிட்டுக்கு மண் சுமந்த கதை பிறந்த ஊர் தம்பி இது! வைகை கரை உடைத்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையை அளந்து கொடுத்தான். ஆளும் பேருமில்லாத கிழவி வந்திக்கும் பங்கு உண்டு. விலக்கு யாருக்கும் இல்லை. உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வந்த சொக்கநாதர் மண்ணைச் சுமக்காமல் ஆடித் திரிய, அவள் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அவர் முதுகில் பிரம்பு விழுந்தது. வலித்தது யாருக்கு? அரசனுக்கு, அமைச்சனுக்கு, ஊரில் உள்ள அத்தனை உயிருக்கும்! ஆவணியில் புட்டுத்தோப்புத் திருவிழாவுக்குப் போய்ப் பிட்டு வாங்கித் தின்கிறோம். அடைபடாத ஒரு பங்கின் அடி எல்லார் முதுகிலும் விழும் என்பதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

உன் பங்கு எது? உன் வீட்டு வாசல் வாய்க்காலில் கிடக்கும் பாலிதீன் பை உன் பங்கு. மாடித் தகரத்தின் துருப்பிடித்த போல்ட் உன் பங்கு. ரேஷன் கார்டும் பட்டாவும் மார்க்‌ஷீட்டும் தண்ணீர் புகாத கவருக்குள் போகவேண்டும். அப்பாவின் சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கவேண்டும். டார்ச் எரிகிறதா என்று இன்று பார். மின்சாரம் போன பிறகு பார்க்காதே. தண்ணீர் வாசல்படி ஏறும் முன்பே மெயின் ஸ்விட்சை அணைக்க வீட்டில் எல்லாருக்கும் தெரியவேண்டும். முழங்காலளவு ஓடுகிற நீரில் பைக்கை இறக்குவது வீரமில்லை. நீரின் இழுப்புக்கு உன் வயசு தெரியாது. கோடித் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியை யார் தூக்கி மாடியேற்றுவது என்று இப்போதே பெயர் சொல்லி முடிவு செய். உன் பெயரைச் சொல்!

"நான் ஒருத்தன் செஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்காதே. நல்லவாட்டில் கிளம்பியதும் ஒருவனின் குரல்தான். மாவட்டத்தின் பேரிடர் உதவி எண் 1077, மாநிலத்துக்கு 1070. அக்டோபர் பிறந்தால் பருவமழை வாசலில் நிற்கும். இன்று இரவு தூங்கப் போகும் முன் இந்த இரண்டு எண்களையும் உன் போனில் பதி, அம்மாவின் போனிலும் பதி. நாளைக் காலை மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வா. பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு வா!