ஒரு சாண் நிலமும் ஏழு பூமிகளும்

  



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று ஏரிகளுக்கு நடுவே வாழ்பவர்கள் நாம். ஒரு நீர்நிலை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் நமக்கு ஒரு படிப்பினை.

பெரியவர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் அங்கே வந்து சேரும். அந்த நிலம் பஞ்சு போல அதைத் தாங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்கு மெல்ல அனுப்பும். மழைக்காலத்தில் நன்னீர் மிகும். கோடையில் உவர்ப்பு ஏறும். பூநாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே இரை தேடி வருகின்றன.

இனிய நீரையும் உப்பு நீரையும் அருகருகே ஓடவிட்டு, இடையே ஒரு தடுப்பை ஏற்படுத்தியதாக அல்லாஹ் சூரத்துல் ஃபுர்கானில் (25:53) கூறுகிறான். அந்த வசனம் பள்ளிக்கரணையைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்கு அளவும் எல்லையும் வைத்தவன் அவன் என்பது அதில் இருக்கிறது.

அந்த எல்லையை நாம் என்ன செய்தோம்? ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலம் அது. பெருங்குடியில் குப்பை மலையானது. சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன. 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்தான். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மீண்டும் வெள்ளம். தண்ணீர் தன் இடத்தைத் தேடி வந்தது, அவ்வளவுதான்.

அருமைச் சகோதரர்களே!

ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள், சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவர் தன் நிலத்தை எடுத்துக்கொண்டார் என்று அர்வா என்ற பெண் மர்வானிடம் வழக்குத் தொடுத்தார். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் காதால் கேட்ட பிறகுமா நான் அப்படிச் செய்வேன் என்று அவர் கேட்டார். அவள் பொய் சொன்னால் பார்வையைப் போக்கி, அவளது நிலத்திலேயே மரணத்தைக் கொடு என்று துஆ செய்தார். பின்னர் அந்தப் பெண் பார்வை இழந்து, அதே நிலத்தில் நடந்தபோது குழியில் விழுந்து இறந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

ஒருவருடைய ஒரு சாணுக்கே இந்த நிலை! ஊருக்கே சொந்தமான ஏரியை எடுத்தால்?

'புறம்போக்கு' என்றால் யாருக்கும் இல்லாதது என்று நினைக்கிறோம். அது எல்லோருக்கும் உரியது. தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழி. ஒருவரிடம் எடுத்தால் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம். ஊர் முழுவதிடமும், இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளிடமும் எப்படிக் கேட்பது?

கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அதைத் தொடுத்தவர்கள் சாதாரணக் குடியிருப்புவாசிகள். நம்மால் முடிந்தது என்ன?

மனை வாங்கும் முன் விலையை மட்டும் பார்க்காதீர்கள்; கிராம வரைபடத்தில் அது ஏரியா, கால்வாயா என்று பாருங்கள். ரியல் எஸ்டேட் தொழில் செய்யும் சகோதரர்களே, நீர்நிலையை மனையாக விற்றுக் கிடைக்கும் கமிஷன் ஹலாலா என்று ஆலிம்களிடம் கேளுங்கள். பள்ளிவாசல் கட்டுவதாக இருந்தாலும் இதே சட்டம்தான். அபகரித்த இடத்தில் தொழுவது பாவம் என்று ஃபுகஹாக்கள் சொல்கிறார்கள். குர்பானிக் கழிவும் கழிவுநீர் லாரியும் ஏரிப் பக்கம் போகக் கூடாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கம் இது.

வேறு வழியின்றி ஏரிக்கரையில் குடிசை போட்ட ஏழையையும், வசதி இருந்தும் வளைத்துப் போட்டவனையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ஏழைக்கு மாற்று இடம் கேட்டுக் குரல் கொடுப்பதும் நம் கடமை.

யா அல்லாஹ்! எங்களுக்கு உரிமையில்லாத ஒரு சாண் நிலத்தைக்கூட எங்கள் கழுத்தில் சுமக்கும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் நீர்நிலைகளை எங்கள் பிள்ளைகளுக்கு அமானத்தாக ஒப்படைக்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன்.