ஓய்வுக்கு ஓர் ஓய்வு

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். பகலெல்லாம் பாடுபட்டவன் மாலையில் பந்தாடினும், பாட்டுக் கேட்பினும், பூச்செடிக்கு நீர் ஊற்றினும் அவனைக் குறை கூறுவார் எவருமில்லை. ஆனால், அவ்வாறு தானே விரும்பி மேற்கொண்ட பொழுதுபோக்கையும் ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு, "இதிலிருந்தும் எனக்குச் சிறிது ஓய்வு வேண்டும்" என்று அவன் சொல்வானாயின், கேட்போர் நகைப்பர். "வேலையிலிருந்து ஓய்வு கேட்டாய், சரி, விளையாட்டிலிருந்துமா ஓய்வு?" என்பர். அந்நகைப்பு நியாயமானதா? இதுவே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்தல் நலம். விமானம், கப்பல், டாங்கி முதலியவற்றைக் குறித்ததோர் அளவில் சுருக்கி, உள்ளது உள்ளவாறே சிறு உருவாக அமைக்கும் பொழுதுபோக்கை நேயர்கள் அறிந்திருக்கலாம். மாதிரி உரு அமைத்தல் என்று இதனைக் கூறுவோம். 1936-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் 'பிராக் பெங்குவின்' என்னும் பெயருடன் பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. 1946-இல் ஜப்பானின் ஷிஸுவோகா நகரில் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-இல் 'யமாட்டோ' போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் உருவாக வெளியிட்டது. இன்று உலகெங்கும், நம் மலேசியா சிங்கப்பூர் நகரங்களிலும், இப்பெட்டிகளை வாங்கி இரவுகளைச் செலவிடுவோர் உளர்.

இப்பொழுதுபோக்கில் அளவே அரசன். 72-இல் ஒரு பங்கு என்பது மிகவும் பழகிய அளவு. 6 அடி மனிதன் அதில் 1 அங்குல உயரமே நிற்பான். 11 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இறக்கை விரிவுள்ள ஸ்பிட்பயர் விமானம் 15½ சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அந்த அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால், உண்மை விமானத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல் பிசகியதற்கு அது சமம். ஆகவே, கடுகளவு சக்கரத்தை இடுக்கியாற் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் மணிக்கணக்காய் அமர்ந்திருக்க வேண்டியவனாகிறான் அமைப்போன். கண் களைக்கும், கழுத்து வலிக்கும், விரல் நடுங்கும்.

செய்பொருளும் அவன் அவசரத்துக்கு இணங்குவதன்று. பிளாஸ்டிக்கை ஒட்டும் பசை சாதாரணப் பசையன்று. அது இரு துண்டுகளின் விளிம்புகளையும் சிறிதே உருக்கி ஒன்றாக்குவது. அது இறுகுமுன் தொட்டால் கைரேகை நிலையாகப் பதிந்துவிடும். எனாமல் வர்ணம் பூசினால், அடுத்த பூச்சுக்குமுன் ஏறக்குறைய ஒரு நாள் காத்திருத்தல் வேண்டும். நம் நாட்டு மழைக்காலத்தில் இன்னும் ஒரு தொல்லை உண்டு. ஈரக் காற்றில் லாக்கர் வர்ணத்தைத் தெளித்தால், ஈரம் அதில் படிந்து, பளபளப்பு மங்கி வெண்மை பூத்துவிடும். மழை விடும்வரை கைகட்டி இருப்பதன்றி வேறு வழியில்லை. பொருளே "பொறு" என்று சொல்லும்பொழுது, ஓய்வு கொள்வது குற்றமென்று மனிதன் கருதுவது வியப்பன்றோ?

நிற்க. உடற்களைப்பும் பசை காய்தலும் சிறு காரணங்களே. பெரிய காரணம் உள்ளத்தில் உண்டு. இவ்வேலையை அவனுக்கு இட்டவர் எவருமில்லை, கூலியுமில்லை, கெடுவுமில்லை. எனினும், பாதி முடிந்த கப்பல் மேசைமேல் கிடக்க, திறவாத பெட்டிகள் அலமாரியில் அடுக்கடுக்காய் நிற்க, அவற்றைப் பார்க்குந்தோறும் கடன்காரனைக் கண்டவன் போல அவன் மனம் குன்றத் தொடங்குகிறது. "இன்றிரவு அதை முடித்தேயாக வேண்டும்" என்கிறான். யார் கட்டளை? அவனே ஆள், அவனே அவ்வாளை விரட்டும் கங்காணி! வெளியே இருக்கும் கங்காணியிடமிருந்து மாலையிலாவது விடுதலை கிடைக்கும். உள்ளே புகுந்துவிட்ட கங்காணியோ உறக்கத்திலும் விடான்.

இத்துணைக் கடுமையாக அவனை ஆளும் சட்டங்கள் எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால் நகைப்பே உண்டாகும். டாங்கி உருக்களில் 35-இல் ஒரு பங்கு என்னும் அளவை அமைப்போர் வேதவாக்காய்ப் போற்றுவர். அவ்வளவு தோன்றிய கதை யாது? 1960-களின் தொடக்கத்தில் தமியா நிறுவனத்தார் 'பாந்தர்' டாங்கியின் ஓடும் உருவொன்றை அமைத்தபொழுது, சிறு மோட்டாரும் மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டுமென்பதைக் கொண்டே அதன் பருமனை முடிவு செய்தனர். பின்னர்க் கணக்கிட்டபோது அது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. அவ்வளவே! மின்கலத்தின் பருமன் வகுத்த விதி, பின்வந்தோருக்கு மீறலாகாத நெறியாயிற்று. விளையாட்டின் விதிகள் மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்டவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வகுத்தவன் அவற்றைச் சிறிது நேரம் மூடி வைக்கவும் உரிமையுடையவனே.

இனி, அவ்வாறு மூடி வைப்போர் என் செய்கின்றனர் என்பதைக் காண்போம். அவர்தம் இளைப்பாறுதலை மூவகையாகப் பிரிக்கலாம். சிலர் தம் கலையின் அக்கம்பக்கத்திலேயே உலவுவர். தாம் அமைக்கும் கப்பலின் வரலாற்றைப் படிப்பர், பொருட்காட்சி சாலைக்குச் செல்வர். ஜப்பானின் கூரே நகரில் 2005-இல் திறக்கப்பட்ட கடற்பொருட்காட்சி சாலையில் 10-இல் ஒரு பங்கு அளவில், 26 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில், யமாட்டோவின் உருவொன்று உள்ளது. விடுமுறைக்கென்று சென்றவன் அங்கும் தன் வேலையையே பெரிதாக்கிப் பார்த்துத் திரும்புவான்! வேறு சிலர் கையின் திறத்தை விடாது, பொருளை மட்டும் மாற்றுவர். சித்திரம் தீட்டுவர், மரவேலை செய்வர், சமைப்பர், கித்தார் பயில்வர். மூன்றாம் வகையார் மேசையையே விட்டு எழுந்து, மிதிவண்டி ஏறுவர், தூண்டில் எடுப்பர், பறவைகளைத் தேடி நடப்பர், மண்ணைக் கொத்திக் கீரை விதைப்பர்.

இவற்றுள் எது மெய்யான ஓய்வு? இதற்கு விடை கூறியவருள் வின்ஸ்டன் சர்ச்சிலும் ஒருவர். அவருடைய அரசியலை, அதிலும் இந்திய மக்கள்பால் அவர் கொண்ட மனப்பான்மையை, நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும், 1915-இல் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து மனமுடைந்த காலத்தில் தூரிகையைக் கையிலெடுத்த அவர், பின்னர் எழுதிய கட்டுரையில் கூறும் கருத்து சிந்திக்கத்தக்கது. களைத்த மனத்தைச் சும்மா இருக்கச் சொல்வதால் அது ஓய்வதில்லை. மனத்தின் வேறொரு பகுதியை உழைக்க விட்டாலே, தேய்ந்த பகுதி இளைப்பாறும் என்பது அதன் சாரம். அவர் செங்கல் அடுக்கிச் சுவர் கட்டவும் பழகி, 1928-இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தார்.

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் என் போன்றோர் இதை எளிதில் உணர்வோம். பகலெல்லாம் செக்ரோலில் பெயரும் எண்ணும் பதிந்து கூட்டியவன், இரவில் சீட்டாடி அதன் புள்ளிகளையும் கூட்டிக்கொண்டிருந்தால், ஆட்டம் மாறிற்றேயன்றி அவன் களைப்பு மாறுவதில்லை. வெளியே இறங்கி, செம்பனை வரிசைகளுக்கு அப்பாலுள்ள ஆற்றங்கரை வரை அவன் நடந்து வருவானாயின், எண்கள் தாமே உதிர்ந்துவிடும்.

மாதிரி உரு அமைப்போருள் இதற்கு ஓர் அழகிய சான்று பீட்டர் குஷிங் என்னும் ஆங்கில நடிகர். 1913 முதல் 1994 வரை வாழ்ந்த அவரை, பயங்கரப் படங்களில் கண்டவர் பலர். அவர் வீட்டிலோ சின்னஞ்சிறு படைவீரர் உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட நூலின் விதிகளின்படி அவற்றை அணிவகுத்துப் போர் விளையாடுவார். 1956-இல் பாத்தே செய்திப்பட நிறுவனத்தார் அக்காட்சியைப் படமாக்கினர். அதே மனிதர் நீர்வர்ணச் சித்திரங்களும் தீட்டினார்; விட்ஸ்டபிள் கடற்கரையூரில் வாழ்ந்து பறவைகளை நோக்குவதிலும் மகிழ்ந்தார். சின்னஞ்சிறு வீரனின் பொத்தானைப் பார்த்த கண்ணுக்கு, எல்லை காணாத கடல்வெளியில் பறவையைத் தேடுவது எத்துணை ஆறுதல்! சிறியதில் ஒடுங்கிய பார்வைக்குப் பெரியது மருந்தாகிறது. மூன்றாம் வகையே மேலான ஓய்வு என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

இங்கு ஒரு வலிய ஆட்சேபம் எழும். "எடுத்ததை முடியாது விடுதல் இழிவன்றோ? வள்ளுவர் 'மடியின்மை' என்றும் 'வினைத்திட்பம்' என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தது எதற்கு? ஒன்றைப் பாதியில் விட்டு இன்னொன்றைத் தொடுபவன் ஒன்றையும் முடியான்" என்பர். இவ்வாட்சேபத்தை எளிதில் தள்ளிவிடலாகாது.

பிறருக்குக் கொடுத்த வாக்கை அவர் இசைவின்றி நீக்க நமக்கு உரிமையில்லை. நண்பன் மகனுக்குப் பிறந்தநாளில் ஒரு விமானம் அமைத்துத் தருவதாகச் சொன்னவன், சலிப்பு வந்தது என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போவது தவறே. தனக்குத் தானே கொடுத்த வாக்கோ வேறு தன்மையது. 17-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவ ஞானி தாமஸ் ஹாப்ஸ், கட்டுபவனே அவிழ்க்கவும் வல்லவனாதலின், தன்னாலேயே கட்டப்பட்டவன் கட்டப்பட்டவனே அல்லன் என்று வாதித்தார். கடனென்ற கணக்கில் இது உண்மை. ஆயின், நம் குணம் கடன் கணக்கில் மட்டும் அடங்குவதன்று. நினைத்தபொழுதெல்லாம் தன் முடிவைத் தானே அவிழ்த்துக்கொள்பவனுக்கு நாளடைவில் எந்த முடிவிலும் உறுதி இராது. வள்ளுவர் இடித்துரைத்த மடி அங்கேதான் குடிபுகுகிறது.

அப்படியாயின், ஓய்வையும் மடியையும் பிரித்தறிவது எப்படி? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் வேலை நின்று கிடக்கிறது. நாம் காணும் அடையாளம் ஒன்றுண்டு: வேலையை எவ்வாறு வைத்துவிட்டுப் போனான் என்று பாருங்கள். தூரிகையைக் கழுவி, வர்ணக் குப்பியை இறுக மூடி, சிறு துண்டுகளைப் பெட்டியில் இட்டு, தூசி படியாது துணியால் போர்த்திவிட்டுச் செல்பவன் ஓய்வு கொள்ளச் செல்கிறான். அவன் திரும்பி வருவதற்கு வழி திறந்திருக்கிறது. மூன்று மாதம் கழிந்து வந்தாலும் விட்ட இடத்தில் தொடங்குவான். தூரிகையை வர்ணத்தோடு காயவிட்டு, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுச் செல்பவனோ தப்பியோடுகிறான். ஒரே செயலை நற்செயலாகவும் தீச்செயலாகவும் ஆக்குவது இச்சிறு கவனமே. இஃது உரு அமைப்போனுக்கு மட்டுமன்று. சங்கப் பணி, படிப்பு, எழுத்து எதில் ஈடுபட்டோருக்கும் பொருந்தும்.

"இதெல்லாம் வசதியுள்ளவர் பேச்சு, ஒரு பொழுதுபோக்குக்கே வழியற்ற தொழிலாளிக்கு இரண்டாவது ஏன்?" என்று கேட்கும் தோழர்களும் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறுவது இது. ஓய்வு நேரம் எவரும் இரங்கி அளித்த தானமன்று. உலகத் தொழிலாளர் நெடுங்காலம் போராடிய பின்னரே, 1919-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தன் முதல் உடன்படிக்கையில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. மலேசியாவில் அவ்வாராந்தர வரம்பு 48-இலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது 2023-இல்தான். அந்த 3 மணி நேரம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அவ்வாறு பெற்ற நேரத்தைத் தொழிலாளி எவ்வாறு கழிக்கிறான் என்று மேற்பார்ப்பதற்குப் பலர் உளர். அவன் சும்மா இருந்தால் சோம்பேறி, ஒன்றில் ஈடுபட்டால் "இதனால் என்ன வருமானம்?" தூண்டிலோ தோட்டமோ நடையோ பெரும்பணம் கேட்பதில்லை. கேட்பதெல்லாம், "இந்நேரம் என்னுடையது, தொடங்கவும் எனக்கு உரிமை, நிறுத்தவும் எனக்கு உரிமை" என்னும் தெளிவு ஒன்றே.

பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. ஓய்வுடையவனே கற்க வல்லவன் என்பது அப்பழமக்களின் எண்ணம். அவர்கள் அவ்வோய்வைச் சிலருக்கே உரியதாக்கி, அடிமைகளின் உழைப்பால் அதனைத் துய்த்தனர். நம் காலத்தின் கடமை அதனை எல்லோருக்கும் உரியதாக்குவது. அப்பணியில், பெற்ற ஓய்வை மற்றொரு நுகமாக்கிக் கொள்ளாதிருப்பதும் ஒரு பகுதியாகும். ஆதலின், பொழுதுபோக்கிலிருந்தும் சிறிது விலகி நிற்க விரும்பும் அன்பரைக் கண்டால், நேயர்கள் நகையாதிருப்பார்களாக. தூரிகையைக் கழுவி வைத்தாரா என்று மட்டும் கேட்டு, மகிழ்ச்சியோடு வழியனுப்புவார்களாக.