போதும்யா, நிறுத்து

எங்கள் பழைய தோட்டத்துப் படகு மோட்டாரை ஓட வைத்துவிட்டேன். ஐம்பதுகளில் செய்த ஜான்சன் சீஹார்ஸ். தெலுக் இந்தானுக்கு மேலே, பேராக் ஆற்றங்கரையில் இருந்த அந்த ரப்பர் தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, ஸ்டோரில் காயலான் இரும்போடு கிடந்ததை ஃபிட்டராக இருந்த அப்பா வாங்கி வந்தார். அப்பா போன பிறகு ஈப்போ புந்தோங்கில் என் வீட்டுப் பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. அது ஓடிய அன்று நடந்ததுதான் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

லயத்தில் எங்களுக்கு எதிர்வீட்டு மாமா, இப்போது எண்பதைத் தாண்டியவர், அன்று வந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் காலை இறக்கிக் கயிற்றை இழுத்தேன். இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமா எழுந்து வந்து குனிந்தார். காலின் பின்பக்கத்து ஓட்டையிலிருந்து புகையோடு தெறிக்கிற தண்ணீருக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். அப்படியே வைத்திருந்தார். பிறகு, "போதும்யா, நிறுத்து" என்றார். தேத்தண்ணி குடித்தார், பேரனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததைச் சொன்னார், கிளம்பிவிட்டார்.

அந்த உள்ளங்கை. மோட்டாரின் காலுக்குள் இம்பெல்லர் என்று ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கிறது. அதன் இதழ்கள் வளைந்து வளைந்து ஆற்றுத் தண்ணீரை மேலே தள்ளும். தண்ணீர் சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். வராவிட்டால் சற்று நேரத்தில் பிஸ்டன் இறுகிவிடும். அதனால் படகோட்டிகள் மோட்டாரைக் கிளப்பியதும் முதலில் கையை நீட்டிப் பார்ப்பார்கள்: தண்ணீர் வருகிறதா, எவ்வளவு சூடு. மாமா ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர். தோட்டத்துப் படகு துரையுடையது. பால் வெட்டுகிறவர் அதைத் தொட வேண்டிய வேலையே இல்லை. அவர் கை இதை எங்கே கற்றுக்கொண்டது?

சின்ன வயதில் அந்த மோட்டார் எனக்கு ஒரு சத்தம் மட்டும்தான். ஆற்றில் அது கேட்டால் கிராணி சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். அம்மா ஒட்டுப்பால் சாக்கைக் கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்த்தி வைப்பாள். இறங்கி வருகிறவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அம்மா சாக்கை இழுத்த வேகம் ஞாபகமிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1967 வெள்ளம். கிளந்தான், திரங்கானு, பேராக் ஆற்றுப் படுகைகளில் 55 உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. "படகு லயத்துக்குள்ள வந்துச்சு" என்று அப்பா ஒருமுறை சொன்னார். யார் ஓட்டியது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வகை மோட்டார் பிறந்த கதையை எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்திருக்கிறேன். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் பட்டறை வைத்திருந்த ஓலே எவின்ரூட், ஒரு வெயில் நாளில் பெஸ் என்ற பெண்ணுக்காகத் துடுப்புப் போட்டு ஏரியைக் கடந்து ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். திரும்புவதற்குள் உருகிவிட்டது. அந்த ஏக்கத்தில் பிறந்த மோட்டாரை 1909ல் விற்கத் தொடங்கினார். மனைவியாகிவிட்ட பெஸ்தான் விளம்பரம் எழுதினார். பின்னாளில் எவின்ரூட்டும் ஜான்சனும் ஒரே கம்பெனி ஆயின; அந்தக் கம்பெனி 2000ல் திவாலானது. செய்தவரின் காதல் கதை பேராக் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் மோட்டார் பேராக் ஆற்றில் யாரை ஏற்றியது, யாரை ஏற்றாமல் போனது என்பது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

நான் பார்த்த வேலை பெரிதல்ல. பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளியைச் சரிசெய்தேன். வெடித்துப்போன காயிலை மாற்றினேன். கார்புரேட்டரில் பிசினாக உறைந்திருந்த பழைய பெட்ரோலைக் கரைத்து எடுத்தேன். 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கலந்து ஊற்றினேன். பழைய இம்பெல்லர் மரக்கட்டை போல இறுகியிருந்தது. புதிது செயற்கை ரப்பர். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். பால்மரத்துக்கு நடுவிலேயே ஓடிய மோட்டாருக்கு அம்மா வெட்டிய பால் உதவாது என்பதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

"போதும்" என்றதற்கு எளிய காரணம் இருக்கலாம். டிரம் தண்ணீர் சீக்கிரம் சூடேறும், அதில் ரொம்ப நேரம் ஓட்டக் கூடாது. விஷயம் தெரிந்தவர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சூடு பார்க்க ஒரு நொடி போதும். அவர் அதைவிட அதிக நேரம் கையை வைத்திருந்தார்.

"கேட்டுடுங்களேன், அவருக்கும் வயசாச்சு" என்கிறாள் மனைவி. போனேன். மழையைப் பற்றியும் டுரியான் விலையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். தோட்டத்துக் கதைகளையெல்லாம் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருப்பதை, என் மோட்டார் ஓடிவிட்டது என்பதற்காகக் கேட்கலாமா? எனக்கு முடிவு வரவில்லை.

அறுபதுகளில் கீழ்ப் பேராக் தோட்டங்களில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வெள்ளத்தில் தோட்டத்துப் படகை யார் ஓட்டினார்கள் என்று தெரிந்தால், எழுதுங்கள். மாமாவைக் கேட்காமல் வேறொருவரிடம் தெரிந்துகொள்வது முறைதானா என்றும் புரியவில்லை. ஆனாலும் எழுதுங்கள்.