தொடக்கநூலின் படைப்புக் கதை: படிமமும் உழைப்பும்

விவிலியத்தின் முதல் நூலைப் பழைய திருப்புதல் ‘ஆதியாகமம்’ என்றும், 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘தொடக்கநூல்’ என்றும் வழங்குகின்றன. அதன் முதல் இயலை இற்றை அறிவியலோடு பொருத்தியோ மோதவிட்டோ படிப்பது பெருவழக்காகிவிட்டது. பண்டை மேற்காசியப் படைப்புக் கதைகள் எழுப்பிய வினா வேறு: மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான்?

நினிவே நூலகத்துக் களிமண் பலகைகளிலிருந்து பாபிலோனியப் படைப்புக் காப்பியத்தை ஜார்ஜ் ஸ்மித் 1876இல் நூலாக வெளிப்படுத்திய பின்னரே இவ்வேறுபாடு புலப்படலாயிற்று. ‘எனுமா எலிஷ்’ எனப்படும் அக்காப்பியத்தில் மர்துக் தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தை அமைக்கிறான். கிங்குவின் குருதியிலிருந்து மனிதன் ஆக்கப்படுகிறான். தெய்வங்களின் பாட்டை அவன் சுமக்கவேண்டும், தெய்வங்கள் ஓய்ந்திருக்கவேண்டும் என்று நோக்கமும் வெளிப்படையாகவே கூறப்படுகிறது. இதனினும் பழைய ‘அத்ரகசிஸ்’ கதையில், கால்வாய் வெட்டிக் களைத்த சிறு தெய்வங்கள் தம் கருவிகளைத் தீயிலிட்டுக் கிளர்ந்தெழுகின்றன. (முதல் வேலைநிறுத்தம் தெய்வங்களுடையதாக அமைந்தமை சுவையானது.) அவற்றின் வேலையைச் செய்யவே, களிமண்ணையும் கொல்லப்பட்ட தெய்வம் ஒன்றின் குருதியையும் குழைத்து மனிதனை உருவாக்குகின்றனர்.

தொடக்கநூலின் முதல் இயல் கி.மு. 6ஆம் நூற்றாண்டில், பாபிலோனுக்கு யூதர் நாடுகடத்தப்பட்ட காலத்தை ஒட்டி உருப்பெற்றது என்பர் ஆய்வாளர் பலர். கடவுளின் உருவில் மனிதன் படைக்கப்பட்டதைக் கூறுமிடத்து எபிரேய மூலம் ‘செலெம்’, ‘தெமூத்’ என்னும் இரு சொற்களை ஆள்கிறது. பழைய திருப்புதல் முன்னதைச் ‘சாயல்’ என்றும் பின்னதை ‘ரூபம்’ என்றும் பெயர்த்துள்ளது. சாயல் மென்மையான சொல். செலெம் என்பதோ கல்லாலும் உலோகத்தாலும் ஆன சிலையைக் குறிக்கவும் வழங்குவது. 1979இல் சிரியாவின் தெல் ஃபெகெரியேயில் கிடைத்த அரசன் ஒருவனின் சிலையில் பொறிக்கப்பட்ட அரமேய எழுத்து, இவ்விரு சொற்களின் அரமேய வடிவங்களாலேயே அச்சிலையைச் சுட்டுகிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டின் அசீரிய அரசன் முதலாம் துகுல்தி-நினுர்த்தா, என்லில் தெய்வத்தின் படிமம் எனப் புகழப்பட்டான். அரசனுக்கு வழங்கிய அப்பெருமையை ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவாக்கியதே இவ்வியலின் அறத்துணிவு எனலாம். ‘படிமம்’ என்று பெயர்த்திருப்பின் அத்துணிவு தமிழிலும் புலனாகியிருக்கும்.

ஓய்வைப் பற்றிய கருத்தும் இவ்வாறே மாறுகிறது. பாபிலோனியக் காப்பியத்தில் தெய்வங்கள் ஓய்வதற்காக மனிதன் உழைக்கிறான். இங்கே ஏழாம் நாளில் கடவுள் ஓய்கிறார். விடுதலைப் பயண நூலின் 20ஆம் இயல் அவ்வோய்வையே காரணங்காட்டி, அடிமைக்கும் பணிப்பெண்ணுக்கும் கால்நடைக்கும் ஓய்வை விதிக்கிறது. உழைப்பவனின் ஓய்வு எசமானின் இரக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, உலகின் அமைப்பிலேயே வைக்கப்படுகிறது.

ஆயினும் மிகைப்படப் புகழ்தல் தகாது. அடுத்த இயலே எபிரேய அடிமையை விலைக்கு வாங்குதற்கு விதி கூறுகிறது. எசமானால் அடியுண்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து இறப்பின், எசமானுக்குத் தண்டனை இல்லை. அடிமை அவனது பணம் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். படைப்புக் கதையை எழுதியோரும் இச்சட்டத்தை வகுத்தோரும் வெவ்வேறு காலத்தவர் என மூலத் திறனாய்வாளர் பகுத்துக் காட்டுவர். அப்பகுப்பு நூலின் வரலாற்றை விளக்குகிறது. இரண்டையும் ஒன்றாகத் தொகுத்தோர் அம்முரணை ஏன் நீக்காது விட்டனர் என்பதற்கு அது விடையாகாது. அவர்களுக்கு அது முரணாகவே தோன்றவில்லை என்று கருத இடமுண்டு.